ஜவ்வரிசி மரத்தில் காய்ப்பதா? சேலத்துக் குச்சிக்கிழங்கும் அதன் வெளிநாட்டுச் சொந்தங்களும்

புனேயில் குடியேறிவிட்ட சேலத்துப் பெண்மணி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஏகாதசி விரதத்துக்குச் சாபுதானா (அங்கே ஜவ்வரிசிக்கு அதுதான் பெயர்) கிச்சடி செய்யும் பக்கத்து வீட்டு அம்மாள், "இது உங்கள் ஊரில் மரத்தில் காய்க்கிறதா, அல்லது கிழங்கை அழுக வைத்துக் காலால் மிதித்துச் செய்கிறார்களா? விரதத்துக்கு உகந்ததுதானா?" என்று விசாரித்தாராம். சேலத்துப் பெண்மணிக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அதோடு தம் பங்குக்கு இரண்டு சந்தேகங்களையும் சேர்த்திருக்கிறார். வேறு நாட்டு மக்கள் இதை உண்கிறார்களா? நாடு முழுவதற்கும் ஜவ்வரிசி அனுப்பும் சேலத்தில் மட்டும் அது ஏன் பாயசத்தையும் வடாமையும் தாண்டவில்லை? ஆத்தூர்ப் பக்கம் கிழங்கு பயிரிடும் குடும்பத்தில் பிறந்து, பிற்பாடு பல ஆண்டுகள் மாவு வணிகத்தில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மரத்தை முதலில் முடித்துவிடுவோம். நம் ஊர் ஜவ்வரிசி மரத்தில் காய்ப்பதில்லை. அது அரிசியும் அல்ல. மரவள்ளிக்கிழங்கின் மாவை ஈரத்தோடு உருட்டி, சூடு காட்டி, வெயிலில் உலர்த்திய மணிதான் அது. ஆனாலும் அந்த அம்மாளின் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 'சாகு' என்ற மலாய்ச் சொல் ஒருவகைப் பனையைக் குறிக்கிறது. அந்தப் பனை பூப்பதற்குச் சற்று முன்பு அதை வெட்டிச் சாய்த்து, அடிமரத்தைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றைச் செதுக்கி, நீரில் கசக்கி, மாவைத் தெளிய வைத்து எடுப்பார்கள். சுமத்திராவில் மரத்திலிருந்து மாவு எடுத்து உண்பதை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து குறிப்பிட்டிருக்கிறார். இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகளிலும் பப்புவாவிலும் இன்றும் அந்த மாவில் கொதிநீரை ஊற்றிக் கிளறிப் பசைபோன்ற 'பபேடா' செய்து, இரண்டு குச்சிகளால் சுருட்டி எடுத்து, மஞ்சள் சேர்த்த மீன்குழம்போடு உண்கிறார்கள். பனைமாவை மணியாக உருட்டி விற்ற வணிகம் நெடுங்காலம் நடந்தது. 19-ஆம் நூற்றாண்டில் மலாக்காவிலும் பினாங்கிலும் இருந்த சீனத் தோட்டக்காரர்கள் மரவள்ளி மாவிலும் அதே மணியை உருட்டத் தொடங்கினார்கள். உள்ளிருந்த சரக்கு மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. மரத்தின் பெயர்தான் இன்றும் 'சேகோ' என்று நம் ஆலைகளின் பெயர்ப்பலகைகளில் தொங்குகிறது. 'ஜாவா அரிசி' என்பதே ஜவ்வரிசி ஆயிற்று என்று சொல்வாரும் உண்டு.

இனி கிழங்குக்கு வருவோம். குச்சியைத் துண்டுபோட்டு நட்டு வளர்ப்பதால் நம் பக்கத்தில் அது குச்சிக்கிழங்கு, குமரிப் பக்கத்தில் ஏழிலைக்கிழங்கு, மலையாளிகளுக்குக் கப்பை. இந்தப் பயிருக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று நஞ்சு. இலையிலும் தோலிலும் கிழங்கிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. திசு நசுங்கும்போது அது சிதைந்து சயனைடு வாயுவை வெளிவிடுகிறது. கசப்பு வகைகளில் அது மிகுதி. அவித்தே தின்னக்கூடிய இனிப்பு வகைகளில் குறைவு. என் சிறு வயதில் வேலி தாண்டிய எங்கள் வெள்ளாடு ஒன்று பச்சைத் தழையை வயிறு முட்ட மேய்ந்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் நுரை தள்ளி விழுந்தது. அன்றிலிருந்து தழையானாலும் தோலானாலும் நன்றாகக் காய்ந்த பிறகே எங்கள் வீட்டுக் கால்நடைக்குப் போகும். இரண்டாவது குணம் அவசரம். மண்ணுக்குள் இருக்கும்வரை ஓராண்டுக்கு மேலும் கெடாமல் காத்திருக்கும் கிழங்கு, பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீல நரம்போடி வீணாகிவிடும். இந்த நஞ்சையும் அவசரத்தையும் சமாளிக்க ஒவ்வொரு நாட்டு அடுக்களையும் கண்டுபிடித்த வழிகள்தாம், வேறு நாட்டு மக்கள் இதை உண்கிறார்களா என்ற உங்கள் சந்தேகத்துக்கான பதில்.

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. அமேசான் காட்டின் தெற்கு விளிம்பில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயிராக்கிவிட்டார்கள். நடு அமெரிக்காவின் எல் சால்வடோரில், ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன ஹோயா தே செரென் என்ற சிற்றூரில், வரப்பும் வாய்க்காலுமாக இருந்த மரவள்ளித் தோட்டம் ஒன்றை 2007-இல் தோண்டிக் கண்டார்கள். அமேசான் பழங்குடிப் பெண்கள் விரும்பிப் பயிரிட்டது பெரும்பாலும் கசப்பு வகையை. பூச்சியும் காட்டு விலங்கும் அதைத் தொட அஞ்சும் என்பது அதற்கு ஒரு காரணம். கிழங்கைத் தோல்சீவித் துருவி, 'திப்பிட்டி' என்னும் பின்னல் குழாயில் திணிப்பார்கள். ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் நீளமுள்ள அந்தக் குழாய், நிறைத்தவுடன் மலைப்பாம்பு இரை விழுங்கியதுபோலக் குட்டையாகவும் பருத்தும் இருக்கும். மேல்முனையை உத்தரத்தில் மாட்டி, கீழ்முனைக் காதில் ஒரு கழியைச் செருகி, அதன்மேல் ஒருவர் உட்காருவார். குழாய் நீள நீள வயிறு ஒடுங்கும். உள்ளிருக்கும் நச்சுச்சாறு முழுவதும் பிழிந்து கீழே வடியும். இரும்பும் திருகும் இல்லாமல் வெறும் பின்னலின் சூட்சுமத்தால் இயங்கும் அந்தப் பிழிபொறியைப் படத்தில் முதன்முறை பார்த்தபோது, நம் ஆலைகளின் இயந்திரங்கள்மீது எனக்கிருந்த பெருமை சற்றுக் குறைந்தது உண்மை.

அதன் பிறகுதான் வேடிக்கை. பிழிந்த சக்கையைப் பெரிய வட்டச் சட்டியில் வறுத்தால் 'ஃபரீன்யா' என்ற மொறுமொறுப்பான குருணை. பிரேசிலில் சோற்றின் மேலும் பருப்பின் மேலும் இறைச்சியின் மேலும் இதைத் தூவாமல் சாப்பிட முடியாத குடும்பங்கள் ஏராளம். வடிந்த சாற்றின் அடியில் படியும் வெள்ளை மாவுக்குத் துப்பி என்ற பிரேசில் பழங்குடி மொழியில் வழங்கிய பெயரிலிருந்துதான் 'தாபியோகா' என்ற சொல்லே பிறந்தது. அந்த ஈரமாவைச் சலித்துக் காய்ந்த சட்டியில் தூவினால், எண்ணெயோ தண்ணீரோ இல்லாமல் தானே ஒட்டிக்கொண்டு வெள்ளைத் தோசையாகிவிடும். உள்ளே தேங்காய்த் துருவலோ பாலாடைக்கட்டியோ வைத்து மடித்துத் தருவது பிரேசிலின் வடகிழக்கில் காலைச் சிற்றுண்டி. மேலே தெளிந்த மஞ்சள் சாறும் வீணாவதில்லை. அதைப் புளிக்கவிட்டு நெடுநேரம் கொதிக்க வைத்தால் நஞ்சு ஆவியாகிப்போய்த் 'துக்குப்பி' என்ற ரசமாகிறது. பெலெம் நகரத் தெருக்களில் மாலை வேளையில் சுரைக்குடுக்கைக் கிண்ணத்தில் அந்தச் சாற்றை ஊற்றி, மாவுப்பசையும் உலர்ந்த இறாலும், நாக்கை மரத்துப்போகச் செய்யும் ஒரு கீரையும் சேர்த்துத் தருவார்கள். அந்த வெக்கையில் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறார்கள்.

கயானாவில் அதே சாற்றைக் கருப்பட்டிப் பாகுபோல் சுண்டக் காய்ச்சிய 'கசரீப்' இல்லாமல் கிறிஸ்துமஸ் காலை விடிவதில்லை. இறைச்சியோடு அதைச் சேர்த்துத் தினமும் ஒருமுறை கொதிக்க வைத்தால் பானை பல நாள் கெடாது. கரீபியத் தீவுகளிலோ பிழிந்த மாவை மெல்லிய வட்ட அப்பமாகச் சுட்டார்கள். மாதக்கணக்கில் கெடாத அந்தக் 'கசாபே' அப்பம் கொலம்பஸுக்குப் பின்வந்த ஸ்பானியக் கப்பல்களுக்குக் கட்டுச்சோறாக உதவியது. கியூபா, டொமினிக்கக் குடியரசு, ஹெய்ட்டி, ஹோண்டுராஸ், வெனிசுவேலா ஆகிய ஐந்து நாடுகளின் இந்த அப்பக் கலையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஐவரி கோஸ்ட்டில் மரவள்ளியைப் புளிக்க வைத்து ரவைபோல் உதிர்த்து ஆவியில் அவிக்கும் 'அட்டியெக்கே'வும் அதே கூட்டத்தில் பட்டியலில் ஏறியது.

ஐவரி கோஸ்ட்டைச் சொன்னதால் ஆப்பிரிக்காவில் சற்று நின்றுதான் போகவேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கொங்கோ ஆற்று முகத்துவாரப் பக்கம் கொண்டுவந்து இறக்கிய இந்தக் கிழங்கு, இன்று தாய்வீட்டைவிடப் புகுந்த வீட்டில்தான் பெருவாழ்வு வாழ்கிறது. உலகிலேயே அதிக மரவள்ளி விளைவிக்கும் நாடு நைஜீரியா. அங்கே துருவிய கிழங்கைச் சாக்கில் கட்டி, மேலே கல்லேற்றியோ திருகு வைத்தோ இரண்டு மூன்று நாள் பிழியவிடுவார்கள். பிழிவதும் புளிப்பதும் ஒரே சமயத்தில் நடக்கும். பிறகு சலித்து வறுத்தால் அதுதான் 'காரி'. சில பகுதிகளில் வறுக்கும்போது செம்பனை எண்ணெய் சேர்ப்பதால் மஞ்சளாக இருக்கும். கொதிநீரில் கிளறினால் நம் களிபோல 'எபா' ஆகும். வலக்கையால் உருண்டை பிடித்துக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குகிறார்கள். நம் பக்கத்து ராகிக்களியையும் மென்று தின்பவனைக் கண்டு பெரியவர்கள் சிரிப்பதுண்டு. கானாவிலும் நைஜீரியாவிலும் விடுதி மாணவர்களின் தகரப்பெட்டியில் காரி நிச்சயம் இருக்கும். குளிர்ந்த நீரை ஊற்றி, சர்க்கரையும் வேர்க்கடலையும் போட்டால் அடுப்பில்லாமலே ஒரு வேளை கழிந்துவிடும். மாதக்கடைசியில் கையில் காசில்லாதவனின் துணை அது.

கொங்கோவில் வழி வேறு. கிழங்கை நாள்கணக்கில் நீரில் ஊறப்போட்டு, நார் எடுத்து, இடித்து, இலையில் நீளமாகச் சுற்றிக் கட்டி அவிக்கிறார்கள். 'சிக்வாங்' என்று பெயர். கட்டுப் பிரிக்காமல் பல நாள் தாங்கும் என்பதால் ஆற்றுப் படகில் வாரக்கணக்கில் பயணம் போகிறவர்களுக்கு அதுவே கட்டுச்சாதம். இலையையும் அவர்கள் விடுவதில்லை. உரலில் இடித்து மணிக்கணக்கில் வேகவைத்துக் கீரைக் குழம்பாக்குகிறார்கள். எங்கள் ஆட்டைக் கொன்ற அதே இலைதான். நசுக்கியபின் நீரும் நெருப்பும் நேரமும் கொடுத்தால் நஞ்சு போய்விடும் என்பது அங்கே உரல் பிடிக்கும் சிறுமிக்கும் தெரியும்.

அந்த நேரத்தைக் கொடுக்க முடியாத நிலை வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஆப்பிரிக்காவே சாட்சி. 1981-இல் மொசாம்பிக்கின் வடக்கே கடும் வறட்சி. மழை பொய்த்தால் கிழங்கில் நஞ்சு கூடும். பசி வீட்டு வாசலில் நிற்கும்போது ஊறவைக்கவும் உலர்த்தவும் நாளும் இருக்காது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், திடீரென்று கால்கள் விறைத்து நடக்க முடியாமல் போனார்கள். 'கோன்சோ' என்று அந்த நோய்க்குப் பெயர். கொங்கோவின் யாக்கா மொழியில் கட்டப்பட்ட கால் என்று பொருள். ஒருமுறை விறைத்த கால் மீண்டும் பழைய நிலைக்கு வருவதில்லை. அந்த ஊர்களுக்குப் பின்னாளில் அறிவியலாளர்கள் சொல்லிக்கொடுத்த தீர்வு எளிமையானது. மாவை நீர் தெளித்துப் பிசைந்து, பாயில் மெல்லிதாகப் பரப்பி, வெயிலில் இரண்டு மணி நேரமோ நிழலில் ஐந்து மணி நேரமோ விட்டால் எஞ்சிய நஞ்சும் காற்றோடு போய்விடுகிறது.

இவ்வளவு ஆபத்துள்ள பயிரை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்று கேட்கலாம். நெல்லையும் சோளத்தையும் அறுத்துக் குவித்தால் படைவீரன் கொள்ளையடிப்பான், வரி வசூலிப்பவன் அளந்துகொண்டு போவான். மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கை அப்படி அள்ளிக்கொண்டு போக முடியாது. போரும் பஞ்சமும் வந்த நாடுகளிலெல்லாம் மரவள்ளி வேர்விட்டதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு. நம் கதையும் அப்படித்தான் தொடங்குகிறது.

போர்ச்சுக்கீசியர் வழியாக மேற்குக் கரைக்கு வந்த மரவள்ளியைத் திருவிதாங்கூரில் பரப்பிய பெருமை, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்கு உரியது. ஆனால் அது ஊர்சோறு ஆனது இரண்டாம் உலகப்போரில்தான். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் கையில் விழுந்தன. பர்மா அரிசி நின்றதும் மலையாளக் கரை கப்பைக்கு மாறியது. கடலுக்கு அப்பால் மலாயாவில், ரப்பர்த் தோட்டங்களில் இருந்த நம் தமிழ்க் குடும்பங்களும் அரிசி கிடைக்காமல் மூன்றரை ஆண்டுகள் மரவள்ளியையே அவித்தும் இடித்தும் உண்டு உயிர் தாங்கினார்கள். அந்தத் தலைமுறைக்கு மலாயாவில் மரவள்ளி என்றாலே ஜப்பான்காரன் காலம்தான் நினைவுக்கு வரும். இன்று கேரளத்தின் கள்ளுக்கடையிலும் நட்சத்திர விடுதியிலும் கப்பையும் மீன்கறியும் விலை கொடுத்து உண்ணும் இளைஞர்களுக்கு அந்த நினைவு இல்லை.

அதே 1942-இன் இன்னொரு விளைவுதான் சேலத்து ஜவ்வரிசி. அதுவரை மணிச் சாகுவும் மாவும் மலாயா, சிங்கப்பூர் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தன. போரால் வரத்து நின்றது. மீன் வணிகத்துக்காகக் கேரளத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த சேலத்து மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்து அந்தத் தொழில் நுட்பம் அறிந்திருந்த போபட்லால் ஜி. ஷாவும் சந்தித்தார்கள். 1943-இல் கையால் துருவி, துணியில் வடித்து, துணியிலேயே இட்டுக் குலுக்கி உருட்டிய முதல் ஜவ்வரிசி சேலத்தில் பிறந்தது. தொடங்கிய வேகத்திலேயே ஒரு தடையும் வந்தது. 1944-இல் உணவுப் பஞ்சம் கடுமையாக இருந்ததால், நேரடியாகத் தின்னக்கூடிய கிழங்கை மாவாக்கி வெளியூருக்கு அனுப்பக்கூடாது என்று மாவட்ட ஆட்சியர் உத்தரவிட்டார். உற்பத்தியாளர்கள் சங்கம் சேர்ந்து முறையிட்டு அந்தத் தடையை நீக்கிக்கொண்டார்கள்.

இப்போது "காலால் மிதிப்பது, அழுக வைப்பது" என்ற புகாருக்கு வருகிறேன். கிழங்கு வெட்டிய அன்றோ மறுநாளோ ஆலைக்குப் போயாக வேண்டும். அழுகிய கிழங்கில் மாவு தேறாது, ஆகவே அழுக வைத்துச் செய்கிறார்கள் என்பது தொழில் தெரியாதவர் பேச்சு. தோல் நீக்கிக் கழுவிய கிழங்கை இயந்திரம் துருவும். நீர் பாய்ச்சிச் சலித்தால் மாவுப்பால் ஒருபுறமும், திப்பி என்று நாம் அழைக்கும் சக்கை மறுபுறமும் பிரியும். திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். பாலைத் தொட்டியில் தெளியவிட்டால் அடியில் மாவு கல்போல இறுகும். பழைய பட்டறைகளில் ஆட்கள் தொட்டிக்குள் இறங்கி அதை வெட்டி எடுத்தார்கள் என்பது உண்மை. அந்தக் காட்சியிலிருந்துதான் மிதிக்கும் கதை கிளம்பியிருக்க வேண்டும். ஈரமாவை உதிர்த்துக் குலுக்கினால் தானே மணிமணியாகத் திரளும். எண்ணெய் தடவிய சூட்டுத் தட்டில் வறுத்துக் களத்தில் உலர்த்தினால் மாவு ஜவ்வரிசி. ஆவியில் வேகவைத்து உலர்த்தினால் கண்ணாடிபோன்ற நைலான் ஜவ்வரிசி. 100 கிலோ கிழங்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் மணியாகத் தேறும்.

அழுகல் கதைக்கு மூலம் கழிவுநீர். பருவ காலத்தில் சில ஆலைகளைத் தாண்டிப் பேருந்து போகும்போது பயணிகள் மூக்கைப் பொத்துவதை நான் மறுக்கப்போவதில்லை. இப்போது பல ஆலைகள் அந்த நீரை மூடிய தொட்டிகளில் விட்டு எரிவாயு எடுத்து மின்சாரம் தயாரிக்கின்றன, வாடை குறைந்திருக்கிறது. இதைவிடக் கவலைப்பட வேண்டியது வெண்மை. வடக்கே வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் வாங்குவார்கள் என்று சிலர் வெளுப்பு ரசாயனம் சேர்ப்பதும், மக்காச்சோள மாவு கலப்பதும், உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனையிட்டுப் பிடிப்பதும் நடந்துகொண்டிருக்கின்றன. சற்று மங்கிய நிறமுள்ள மணியைத் தேடி வாங்கும்படி உங்கள் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லுங்கள்.

ஆத்தூர், தலைவாசல், இராசிபுரம், சேந்தமங்கலம் என்று இந்தத் தொழிலின் வட்டம் சேலத்தையும் நாமக்கல்லையும் சுற்றியே இருக்கிறது. முள்ளுவாடி, குங்குமரோஸ் என்று எங்கள் ரகங்களின் பெயர்களே தனி அழகு. கிழங்குக்கு எடை மட்டும் பார்த்து விலை வைப்பதில்லை. மாவுச்சத்தை அளந்து, 'பாயிண்ட்' ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். வண்டியேற்றிப் போன உழவனும் ஆலைக்காரரும் அந்தக் கருவியின் முள்ளைப் பார்த்து ஆளுக்கொரு எண் சொல்வது எங்கள் ஊரின் அன்றாட நாடகம். 90 கிலோ மூட்டைகளாகக் கட்டிய ஜவ்வரிசியை ஏலத்தில் விற்றுத்தர 1981-இல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த மூட்டைகளில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் போகிறது. நவராத்திரியும் சிராவண மாதமும் எப்போது வருகின்றன என்பதை எங்கள் வணிகர்கள் அந்த ஊர்க்காரர்களைவிடக் கவனமாகப் பஞ்சாங்கத்தில் பார்ப்பார்கள்.

விரதத்துக்கு உகந்ததா என்பதைச் சொல்ல நான் யார்? தானியம் கூடாது, கிழங்கு கூடும் என்ற விதிப்படி பார்த்தால் ஜவ்வரிசி தேறிவிடுகிறது. ஆனால் அந்தக் கிச்சடியின் வாணலியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். மரவள்ளி, வேர்க்கடலை, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய் ஆகிய நான்குமே கொலம்பஸுக்குப் பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. நெய்யும் சீரகமும் இந்துப்பும் மட்டுமே பழைய குடிகள். ஐந்நூறு ஆண்டுகளுக்குள் குடிவந்தவர்கள் விரதத் தட்டின் நடுவில் அமர்ந்துவிட்டார்கள்.

இதே மணி இங்கிலாந்துக்குப் போய் வேறு கதி அடைந்தது. அங்கே நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் எளிதில் செரிக்கும் என்று பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். போருக்குப் பிந்திய பள்ளிக்கூட மதிய உணவில் தவறாமல் வந்த அந்தப் பாலுணவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'தவளை முட்டை'. ஒரு தலைமுறையே அதைக் கரண்டியால் தள்ளிவிட்டு எழுந்தது. தைவானிலோ 1980-களில் அதே மணியைப் பெரிதாக உருட்டிக் கருஞ்சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் குளிர்ந்த பால் தேநீரில் போட்டார்கள். தைச்சுங் நகரத் தேநீர்க்கடை ஒன்றும் தைனான் நகரக் கடை ஒன்றும் 'நாங்கள்தான் முதலில்' என்று பத்தாண்டு வழக்காடின. யார் வேண்டுமானாலும் தயாரிக்கக்கூடிய பானம் இது, மூலவர் யாரென்று தேட வேண்டியதில்லை என்ற அளவில் 2019-இல் வழக்கு முடிந்தது. தவளை முட்டை என்று ஒதுக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது லண்டனில் வரிசையில் நின்று பருமனான உறிஞ்சுகுழலால் அதை உறிஞ்சுகிறார்கள்.

நம் பயிரும் இந்த நாடுகளும் ஒன்றோடொன்று எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு அண்மையில் எங்கள் பக்கம் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020-இல் கேரளத்தில் தென்பட்ட ஒருவகை மாவுப்பூச்சி விரைவில் சேலம், நாமக்கல் வயல்களுக்கும் பரவி, குருத்தையே சுருட்டிவிட்டது. இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவைப் பாழாக்கியபோது, அதன் பிறப்பிடமான தென் அமெரிக்காவில் தேடி, 1981-இல் பராகுவேயில் அதைத் தின்று வாழும் கடுகளவுக் குளவி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதை வளர்த்து ஆப்பிரிக்கா முழுவதும் பரப்பிய பணிக்காகப் பூச்சியியல் அறிஞர் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் குளவியின் வாரிசுகளைப் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கி, 2022 மார்ச்சில், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வைத்து வெளிவிட்டார்கள். பராகுவேயில் பிறந்து, ஆப்பிரிக்காவில் பேர்பெற்று, கல்வராயன் மலையடிவாரத்துக்குக் குடிவந்த அந்தப் பூச்சிக்கு எங்கள் உழவர்கள் 'நல்ல குளவி' என்பதைத் தவிர வேறு பெயர் வைக்கவில்லை.

கடைசிச் சந்தேகத்துக்குப் பதில் சுருக்கமானது. ஜவ்வரிசி சேலத்துக்கு உணவாக வரவில்லை, பண்டமாக வந்தது. அது வந்தபோது இங்கே ராகிக்களியும் கம்பங்கூழும் வேரூன்றி இருந்தன. அரிசி ஆசைப்பட்டு உண்ணும் பொருளாக இருந்தது. கிழங்கை வேண்டுமானால் உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, அவித்த நீரைக் கொட்டிவிட்டு, மாலையில் தின்போம்; சீவிப் பொரித்து மிளகாய்த்தூள் தூவி விற்பார்கள். மணியாகிவிட்டால் அது விற்பனைச் சரக்கு. வீட்டுக்கு வந்தது காய்ச்சல்காரரின் கஞ்சிக்கும், பந்தியின் பாயசத்துக்கும், கோடையில் மொட்டைமாடி வடாமுக்கும் வேண்டிய அளவுதான். அதைவிடத் துணிக்குத்தான் அதிகம் கொடுத்திருப்போம். தறிக்காரர்கள் பாவுக்குப் போட்டதும், என் தாயார் பருத்திச் சேலைக்கும் அப்பாவின் வேட்டிக்கும் போட்டதும் மரவள்ளிக் கஞ்சிதான்.

பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஒன்றை மட்டும் நினைவூட்டுங்கள். கிச்சடிக்கு வாங்க வேண்டியது மாவு ஜவ்வரிசி. மணி மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, இரு விரலால் நசுக்கினால் நடுவில் குருணை இல்லாமல் நசுங்க வேண்டும். நைலான் ரகத்தை வாங்கிவிட்டு, அது நாள் முழுதும் ஊறியும் மெதுவாகவில்லை என்று சேலத்தைக் குறை சொல்லக்கூடாது.